காய்ச்சல் விட்டாலும் கிருமி விடவில்லை
(உடல்நலப் பாடம்: இருதய வால்வில் கிருமித் தொற்றும் ஆன்டிபயாடிக் சிகிச்சையும்)



இந்த இதழ் உடல்நலப் பாடத்தை நான் ஒரு மன்னிப்போடு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் 38 வயது உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்கிறேன். சந்தா ஒரு வாரமும் தவறாதவர். ஒரு நாள் குழுக் கூட்டத்தில் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, முடியலையா?" என்று கேட்டேன். "சாயந்திரமானா காய்ச்சல் வருதும்மா. ராத்திரி வேர்த்துக் கொட்டுது. காலையில சரியாயிடுது" என்றார். "மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிப் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு நான் தீர்மான நோட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவரும் வாங்கிப் போட்டார். மூன்று நாள் மாத்திரை. காய்ச்சல் விட்டது. பத்து நாள் கழித்து திரும்ப வந்தது. திரும்ப மூன்று நாள் மாத்திரை. இப்படி இரண்டு மாதத்தில் நான்கு முறை. உடம்பு இளைத்தது, சாப்பாடு பிடிக்கவில்லை, தண்ணிக் குடம் தூக்கினால் மூச்சு வாங்கியது. கடைசியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் தெரிந்தது, அவருடைய இருதய வால்வில் கிருமி குடியேறியிருக்கிறது என்று.

நான் சமூகப்பணி படித்தவள், டாக்டர் இல்லை. ஆனால் அந்த 34 நாளும் வார்டுக்குப் போய்வந்து டாக்டரிடமும் நர்ஸிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, பிறகு படித்ததோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

இருதயத்துக்குள் என்ன நடக்கிறது?

நம் இருதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். வால்வு என்பது ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு மாதிரி. இரத்தத்தை முன்னால் விடும், பின்னால் வர விடாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது.

கிணற்றுப் படியை நினைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான கல்லில் பாசி சட்டென்று பிடிக்காது. வெடிப்பும் சொரசொரப்பும் உள்ள கல்லில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வால்வும் அப்படித்தான். நல்ல வால்வு வழவழவென்று இருக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன வால்வு, பிறவியிலேயே கோளாறுள்ள இருதயம், அறுவை செய்து வைத்த செயற்கை வால்வு இவற்றில் கிருமி எளிதாக ஒட்டும். ஒட்டிய கிருமியைச் சுற்றி இரத்தக்கட்டி சேர்ந்து, சின்னச் சின்ன முளை மாதிரி வளரும். இதைத்தான் டாக்டர்கள் 'இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ்' என்கிறார்கள். தமிழில் இருதய உள்ளுறை அழற்சி. நாம் வால்வுத் தொற்று என்றே வைத்துக்கொள்வோம்.

ஆபத்து இரண்டு விதம். ஒன்று, கிருமி வால்வை அரித்து ஓட்டை போடும். கதவு சரியாக மூடாததால் இரத்தம் பின்னால் கசியும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இரண்டாவது, அந்த முளையிலிருந்து துணுக்கு உடைந்து இரத்தத்தோடு ஓடும். மூளைக்குப் போனால் பக்கவாதம். கிட்னிக்கும் மண்ணீரலுக்கும் போனால் அங்கே பாதிப்பு.

நம்ம அக்காவின் வால்வு எப்படிக் கெட்டது?

"சின்ன வயசுல உங்களுக்கு முட்டி வீங்கி வலிச்சுதா?" என்று டாக்டர் கேட்டார். அக்காவின் அம்மாதான் பதில் சொன்னார். "பத்து வயசு இருக்கும் சார். இன்னைக்கு ஒரு முட்டி, நாளைக்கு இன்னொரு முட்டின்னு வீங்கிச்சு. பள்ளிக்கூடத்துக்கே போகல. ஒரு மாசத்துல தானா சரியாயிடுச்சு."

அது ருமாட்டிக் காய்ச்சல், அதாவது வாதக் காய்ச்சல். 5 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அதிகம் வரும். முதலில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற கிருமியால் தொண்டை வலி. இரண்டு மூன்று வாரம் கழித்து, அந்தக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்பு சக்தி நம் மூட்டையும் இருதயத்தையுமே தாக்குகிறது. மூட்டு வலி போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு மட்டும் போகாது. வெளியே ஒன்றும் தெரியாமல் பல வருஷம் இருக்கும். கல்யாணமாகி, பிரசவ நேரத்தில் மூச்சு வாங்கும்போதுதான் பல பேருக்குத் தெரிய வருகிறது. நெருக்கமான சின்ன வீட்டில் பல பேர் சேர்ந்து தூங்கும் குடும்பங்களில் இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த வால்வு நோய் கூடுதல். ஆகவே இது நம் குழுவின் பாடம்தான்.

கிருமி எந்த வழியாக வருகிறது?

* வாய்: ஈறு வீங்கி இரத்தம் வடிவது, சொத்தைப் பல், பல் பிடுங்குவது. வாயில் சாதுவாக இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் இரத்தத்துக்குள் போய்விடும்.
* தோல்: சீழ்க்கட்டி, ஆறாத புண். இங்கே 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' என்ற கிருமி. இது வேகமாக வால்வை அழிக்கும், சில நேரம் நல்ல வால்வையும் விடாது.
* சிறுநீர்ப்பாதை, குடல்: 'என்டரோகாக்கஸ்' என்ற கிருமி.
* சுத்தமில்லாத ஊசி, நாள் கணக்கில் மாற்றாமல் வைத்த டிரிப்ஸ் ஊசி, டயாலிசிஸ் குழாய்.

நம்ம அக்காவுக்கு வாய் வழியாக. கடைவாய்ப் பல் ஒன்று ஆறு மாதமாகச் சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. "பல்லு வலிதானேன்னு கிராம்பு வச்சுக்கிட்டேன்" என்றார்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

காய்ச்சல் எல்லாம் இந்த நோய் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் வால்வு நோய் உள்ளவர், செயற்கை வால்வு வைத்தவர், பிறவி இருதயக் கோளாறு உள்ளவர், முன்பு ஒரு முறை இந்தத் தொற்று வந்தவர், இவர்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால் அல்லது விட்டு விட்டு வந்தால் உடனே டாக்டரிடம் "எனக்கு வால்வு நோய் இருக்கு" என்று சொல்லிக் காட்ட வேண்டும். இரவு வேர்வை, குளிர் நடுக்கம், பசியின்மை, எடை குறைதல், மூச்சு வாங்குதல், விரல் நுனியில் வலிக்கும் சிறு முடிச்சு, நகத்துக்கு அடியில் கருஞ்சிவப்புக் கோடு இவையும் அடையாளங்கள். திடீரென்று கை கால் இழுத்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதலில் இரத்தம், பிறகு மருந்து

நான் செய்த தப்பு எங்கே என்று இப்போது சொல்கிறேன்.

வால்வில் இருப்பது எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்பதைக் கண்டுபிடிக்க 'இரத்தக் கல்ச்சர்' என்ற பரிசோதனை செய்கிறார்கள். இரத்தத்தை எடுத்து, கிருமி வளரும் சத்து நீர் உள்ள பாட்டிலில் விட்டு வைப்பார்கள். நாற்றங்காலில் விதை முளைப்பது மாதிரி கிருமி முளைக்கும். அதன் மேல் பல மருந்துகளை வைத்து எது கேட்கிறது என்று பார்ப்பார்கள். பொதுவாக மூன்று முறை, வேறு வேறு இடத்தில் குத்தி எடுப்பார்கள். "எத்தனை தடவைதான் இரத்தம் எடுப்பாங்க" என்று சண்டை போடாதீர்கள், காரணத்தோடுதான் எடுக்கிறார்கள்.

ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டுக்கொண்டு இரத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? கிருமி அரை மயக்கத்தில் இருக்கும், முளைக்காது. சாகவும் இல்லை, அடையாளமும் காட்டாது. நம்ம அக்காவுக்கு ஊரில் எடுத்த முதல் கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை. கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை கிருமியை ஒளித்து வைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இருதயத்துக்கு 'எக்கோ' ஸ்கேன் எடுத்தபோதுதான் வால்வில் முளை தெரிந்தது. அக்காவின் நிலைமை அப்போது மோசமாகவில்லை என்பதால், மாத்திரையை நிறுத்தி, மூன்று நாளில் மூன்று முறை இரத்தம் எடுத்த பிறகே மருந்தை ஆரம்பித்தார்கள். இரண்டு பாட்டிலில் கிருமி முளைத்தது. நோயாளி மோசமாக இருந்தால் இப்படிக் காத்திருக்க முடியாது. உடனே இரத்தம் எடுத்து உடனே மருந்து போடுவார்கள்.

மூன்று நாள் மாத்திரைதானே என்று நான் லேசாகச் சொன்னது இரண்டு மாதத்தை வீணாக்கிவிட்டது. அதற்குத்தான் மன்னிப்பு. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். ஆன்டிபயாடிக் அட்டைகள் பலவற்றின் பின்புறம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. வீட்டில் இருக்கும் அட்டைகளை எடுத்துப் பாருங்கள்.

ஏன் நான்கு வாரம், ஆறு வாரம்?

மருந்து ஏற ஆரம்பித்த ஐந்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் அவர் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். "மேடம், நல்லாயிட்டா. எழுந்து நடக்கிறா. இன்னும் எதுக்கு வார்டுல கெடக்கணும்? எனக்கு வேலை போகுது, பிள்ளைங்க அக்கம்பக்கத்துல சாப்பிடுது. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. கூலி வேலை செய்பவர். நான் மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். வார்டு நர்ஸ் ஒரு தாளில் படம் போட்டு எங்கள் இருவருக்கும் விளக்கினார்.

1. வால்வில் இரத்தக் குழாய் மிகக் குறைவு. அதனால் நம் உடம்பின் காவல்காரர்களான வெள்ளை அணுக்கள் முளைக்குள்ளே போய்ச் சண்டை போட முடியாது. மருந்து ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும்.
2. முளைக்குள் கிருமிகள் அடுக்கடுக்காக நெருக்கமாக இருக்கின்றன. மேல் அடுக்கு சீக்கிரம் செத்துவிடும், காய்ச்சலும் விடும். உள் அடுக்கு உயிரோடு இருக்கும்.
3. உள்ளே உள்ள கிருமி மெதுவாக, தூங்குவது போல வளரும். பெனிசிலின் மாதிரி மருந்துகள் வளரும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். அதனால் நாள் பிடிக்கும்.

"கோரைப் புல்லை மேலே அறுத்துட்டா வயல் சுத்தமாத்தான் தெரியும். கிழங்கு உள்ளே இருக்குமில்ல?" என்று நர்ஸ் கேட்டார். வீட்டுக்காரர் தலையாட்டினார். விவசாயக் கூலி வேலை செய்பவருக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பொதுவாக, பெனிசிலின் நன்றாகக் கேட்கும் வாய்க் கிருமி என்றால் 4 வாரம். ஸ்டெஃபிலோகாக்கஸ், என்டரோகாக்கஸ் என்றால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். செயற்கை வால்வில் தொற்று என்றால் குறைந்தது 6 வாரம். இந்த நாள் கணக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து கிடையாது. இரத்தத்தில் கிருமி இல்லை என்று கல்ச்சர் காட்டிய முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள்.

மருந்தும் கிருமியைப் பொறுத்தது. வாய்க் கிருமிக்குப் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன். ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிக்கு க்ளாக்சாசிலின் வகை அல்லது செஃபசோலின். அதற்கும் அடங்காத வகைக்கு வான்கோமைசின். சிலருக்கு ஜென்டாமைசின் கூடச் சேர்ப்பார்கள். எல்லாம் நரம்பு வழியாக. நம்ம அக்காவுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் பகலும், பெனிசிலின்.

பெனிசிலினுக்கு முன்னால்

வில்லியம் ஆஸ்லர் என்ற பெரிய மருத்துவர் 1885-ஆம் ஆண்டு லண்டனில் இந்த நோயைப் பற்றித் தொடர் உரை நிகழ்த்தினார். அடையாளம் கண்டு சொல்ல முடிந்ததே தவிர, காப்பாற்ற அப்போது வழியில்லை. வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே இறந்தார்கள். 1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு பூஞ்சையிலிருந்து பெனிசிலினைக் கண்டுபிடித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் குழுவினர் அதை மருந்தாக மாற்றினார்கள். 1945-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1940-களில்தான் இந்த நோயாளிகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். அப்போதே தெரிந்த பாடம்: குறைந்த அளவு, குறைந்த நாள் கொடுத்தால் நோய் திரும்பி வரும். நிறைய அளவு, நிறைய நாள் கொடுத்தால்தான் நிற்கும்.

இப்போதும் இது உயிரைப் பறிக்கக்கூடிய நோய்தான். நல்ல சிகிச்சையிலும் சிலரைக் காப்பாற்ற முடிவதில்லை. அதனால்தான் பாதியில் எழுந்து வருவது அவ்வளவு பெரிய தப்பு.

ஊசி போடும் நாட்களில் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை

* ஊசி குத்திய இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அந்த வழியாகவே புதுக் கிருமி போய்விடும்.
* உடம்பு முழுக்க அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் என்றால் மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சேரும்போதே சொல்லுங்கள்.
* ஜென்டாமைசின் போடும்போது காதில் இரைச்சல், தலைசுற்றல், சிறுநீர் குறைவது தெரிந்தால் சொல்லுங்கள். அது கிட்னியையும் காதையும் பாதிக்கலாம். அதற்காகத்தான் அடிக்கடி இரத்தப் பரிசோதனை.
* விட்ட காய்ச்சல் திரும்ப வந்தால், படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால் சொல்லுங்கள்.

மருந்துக்கு அடங்காத தொற்று, வால்வு கிழிந்து மூச்சுத் திணறல், பெரிய முளை உடைந்து ஓடும் ஆபத்து, இப்படி இருந்தால் அறுவை தேவைப்படும். டாக்டர் அறுவை என்றால் 'கைவிட்டுட்டாங்க' என்று அர்த்தமில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

ஒரே பெனிசிலின், நான்கு வேலை

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கூட்டத்தில் இதை இரண்டு முறை படியுங்கள்.

*ஒன்று: தொண்டை வலிக்கு.* பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று டாக்டர் சொன்னால் மட்டும் 10 நாள் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் மாத்திரை, இல்லையென்றால் ஒரே ஒரு நீண்டகால ஊசி. வலி ஆரம்பித்து 9 நாளுக்குள் கொடுத்தால்கூட வாதக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம். மூன்று நாளில் வலி போனாலும் 10 நாளும் கொடுக்க வேண்டும்.

*இரண்டு: மாதாந்திர ஊசி.* ஒரு முறை வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கெடும். அதைத் தடுக்க 'பென்சதீன் பெனிசிலின்' ஊசி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை. பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், எடை குறைந்த சிறு பிள்ளைகளுக்கு 6 லட்சம். இருதயம் பாதிக்கப்படாவிட்டாலும் குறைந்தது 5 வருஷம். வால்வு கெட்டிருந்தால் 10 வருஷம் அல்லது அதற்கும் மேல், சிலருக்கு 40 வயது வரை. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் வெளியே தெரியாத ஆரம்ப நிலை வால்வு நோய் இருந்த 818 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2 வருஷத்தில் ஊசி போட்ட குழுவில் நோய் முற்றியது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. போடாத குழுவில் நூற்றுக்கு எட்டுப் பேர். 2021-இல் வெளிவந்த முடிவு இது.

*மூன்று: வால்வில் தொற்று வந்தபின் சிகிச்சை.* நரம்பு வழியாக, பெரிய அளவில், 4 முதல் 6 வாரம். மாதாந்திர ஊசி போட்டுக்கொள்பவருக்கும் வால்வுத் தொற்று வரலாம். அந்த ஊசி இதைத் தடுக்காது, குணப்படுத்தவும் செய்யாது.

*நான்கு: பல் பிடுங்கும் முன்.* செயற்கை வால்வு வைத்தவர், முன்பு இந்தத் தொற்று வந்தவர், சிலவகைப் பிறவி இருதயக் கோளாறு உள்ளவர், இவர்கள் பல் பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் ஒரே ஒரு வேளை, பெரியவர்களுக்கு 2 கிராம் அமாக்சிசிலின். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறு மருந்து. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு வேண்டுமா என்பதை அவரவர் இருதய டாக்டரிடம் கேட்க வேண்டும். யாராக இருந்தாலும் பல் டாக்டரிடம் "எனக்கு வால்வு நோய்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். தினமும் இரண்டு வேளை பல் துலக்குவது இதைவிடப் பெரிய பாதுகாப்பு.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

*மாத்திரையா கொடுத்தா வீட்டிலேயே சாப்பிடலாமே?*
டென்மார்க் நாட்டில் 400 நோயாளிகளிடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், குறைந்தது 10 நாள் நரம்பு வழி மருந்து ஏறி, நிலைமை நன்றாகத் தேறியவர்களுக்கு மீதி நாட்களை மாத்திரையாகக் கொடுத்தும் பலன் குறையவில்லை. ஆனால் கல்ச்சரில் கிருமி தெரிந்து, எக்கோ எடுத்துப் பார்த்து, இரண்டு வகை மாத்திரை சேர்த்து, அடிக்கடி வரச் சொல்லிக் கவனித்தார்கள். அந்த முடிவு டாக்டருடையது. நாமாக எடுக்கக் கூடாது.

*இது ஒட்டுவாரொட்டியா? கூட உட்கார்ந்து சாப்பிடலாமா?*
வால்வுத் தொற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். தொண்டைக் கிருமிதான் இருமலிலும் தும்மலிலும் பரவும்.

*ஒரு தடவை குணமானா திரும்ப வருமா?*
வரலாம். ஒரு முறை வந்தவருக்கு ஆபத்து கூடுதல். அதனால் பல் சுத்தம், புண்ணைக் கவனிப்பது, காய்ச்சல் வந்தால் முதலில் இரத்தக் கல்ச்சர், இவை ஆயுள் முழுக்க.

*வால்வு நோய் உள்ள பெண் கர்ப்பமாகலாமா?*
அது எந்த வால்வு, எவ்வளவு பாதிப்பு என்பதைப் பொறுத்தது. கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும். மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மறைத்துப் பிரசவ அறையில் உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

குழு என்ன செய்தது?

நர்ஸ் விளக்கிய பிறகும் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி நியாயமானது. "எல்லாம் சரி மேடம். பிள்ளைங்களுக்கு யார் சோறு போடறது?"

அன்று சாயந்திரமே குழு அவசரக் கூட்டம் போட்டது. உள்கடனாக 5,000 ரூபாய். ஏற்கெனவே உள்ள கடனின் தவணைக்கு இரண்டு மாத அவகாசம். இதையெல்லாம் தீர்மான நோட்டில் எழுதினார்கள். எழுதாமல் செய்ததுதான் அதிகம். பிள்ளைகளின் காலைச் சாப்பாடு ஒரு வீடு, ராத்திரிச் சாப்பாடு ஒரு வீடு. ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர். வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் நாட்களில் வார்டில் உட்கார நான்கு பேர் முறை வைத்தார்கள். அதில் ஒருவர் அக்காவோடு இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்தவர். மூன்றாம் முறை போனபோது இருவரும் ஒரே டம்ளரில் காப்பி பங்கு போட்டதை நானே பார்த்தேன்.

34-ஆம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தார். வருவதற்கு முன்பே அந்தச் சொத்தைப் பல்லை ஆஸ்பத்திரியிலேயே பிடுங்கிவிட்டார்கள். வால்வில் கசிவு கொஞ்சம் இருக்கிறது, மருந்து தொடர்கிறது, எக்கோவுக்கு அவ்வப்போது போக வேண்டும். போன மாதம் கூட்டத்துக்கு வந்து சந்தாவை வைத்தார். "காய்ச்சல் விட்ட அன்னைக்கே வந்திருந்தா, இன்னைக்கு இந்தப் பாயில உட்கார்ந்திருக்க மாட்டேன்" என்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. சிறு வயதில் மூட்டு மாறி மாறி வீங்கியவர், வால்வு நோய் என்று சொல்லப்பட்டவர், இருதய அறுவை செய்தவர் உங்கள் குழுவிலோ குடும்பத்திலோ உண்டா? உண்டென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பிள்ளைகளாக இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அவர்கள் பார்க்க வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று.
2. மாதாந்திர ஊசி போடும் பிள்ளை இருந்தால், ஊசி தேதியைக் கூட்டத் தேதியோடு சேர்த்து ஊக்குநர் நோட்டில் குறித்து வையுங்கள். தேதி தவறினால் யார் நினைவுபடுத்துவது என்றும் முடிவு செய்யுங்கள்.
3. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குவதில்லை, எழுதிக் கொடுத்த நாளுக்கு முன்னால் நிறுத்துவதில்லை என்று தீர்மானம் போடுங்கள்.
4. உறுப்பினர் ஒருவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் பிள்ளை, ஆடு மாடு, தவணை இவற்றுக்கு உங்கள் குழு என்ன செய்யும்? இப்போதே பேசி வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். நான் களத்துக்கு வரும்போதும் கேளுங்கள். இனிமேல் "மெடிக்கல்ல வாங்கிப் போடுங்க" என்று நான் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னால் நீங்களும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்